மாடு மேடைக்கு வராத நாள்

நான் பத்து வயதில் எல்லாள மன்னனாக இருந்தவன். ஆட்சிக்காலம் சுமார் அரை மணி நேரம். தலைநகரம், தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மேடை.

இதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அண்மையில் கண்டியில் மனித உரிமை பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பகல் சாப்பாடு உண்டு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. பேச வந்தவர் பாரசீக மன்னன் ஒருவனின் களிமண் உருளையில் தொடங்கி, அசோகனின் கல்வெட்டுகளைத் தொட்டு, கடைசியில் எல்லாளனின் ஆராய்ச்சி மணிக்கு வந்து சேர்ந்தார். யார் வேண்டுமானாலும் அந்த மணியை இழுக்கலாம், ஒரு மாடுகூட இழுக்கலாம் என்றார். சபை கைதட்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை.

கதை தெரிந்ததுதான். இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் ஒரு கன்று அடிபட்டுச் சாகிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை இழுக்கிறது. மகனுக்கும் அதே சக்கரத்தால் சாவு என்று மன்னன் தீர்ப்புச் சொல்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் வாத்தியார் இதை நாடகமாக எழுதினார். குரல் பெரிதாக இருந்ததால் என்னை மன்னனாக்கினார். அறிவைப் பற்றி விசாரிக்கவில்லை. தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் கிரீடம் செய்தோம். இரண்டு பையன்கள் ஒரு கம்பளிக்குள் புகுந்தால் பசு. மணிக்குத்தான் வழியில்லை. தோட்டத்தில் இருந்தது ஒரே மணி. பெரட்டுக்களத்தில் தொங்கும், விடியுமுன் அதை அடித்தால் ஆட்கள் வேலைக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். நாடகத்துக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்ட தோட்ட நிர்வாகி, எங்கள் பெரிய துரை, அந்த மணியையும் இரவல் கொடுத்தார். அதுவரை அது எங்களைக் கூப்பிட்டிருக்கிறதே தவிர, நாங்கள் அதைக்கொண்டு யாரையும் கூப்பிட்டதில்லை.

எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்தது அக்கா. பெரியம்மாவின் ஒரே மகள்; தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா. கொழுந்து பறித்துவிட்டு வந்து, கூடையை இறக்கிய கையோடு என்னை நிமிர்த்துவாள்.

"கழுத்த நிமித்துடா. ராசா எங்கயாச்சும் மூக்க உறிஞ்சுவானா?"

"சளி புடிச்சா என்னா செய்வான்?"

"மந்திரிக்கிட்ட சொல்லி உறிஞ்சச் சொல்லுவான்."

ஒத்திகையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து வசனத்தை எடுத்துக்கொடுப்பாள். நான் அவள் உதட்டைப் படித்து முழங்குவேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகப் படித்தது அது ஒன்றைத்தான்.

அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அந்த நாளில் எங்களில் பலருக்கு நாடு கிடையாது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்திருந்தன. பெரியம்மா இலங்கைப் பங்கில் விழுந்தாள். அக்காவின் புருஷன் இந்தியப் பங்கில் விழுந்தார். அவர் போனால் அக்காவும் போக வேண்டும். கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. எனக்குத் தெரிந்ததெல்லாம், அதற்கு முன்னால் நாடகம் வந்துவிடும் என்பதுதான்.

நாடகத்தன்று துரை முன்வரிசைக் கதிரையில் இருந்தார். கன்று திருப்திகரமாகச் செத்தது. அடுத்து பசு வர வேண்டும். வரவில்லை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் கம்பளிக்குள் சண்டை.

"மாடு எங்கையடா? மாட்டை விடுங்கோடா!" என்று வாத்தியார் திரைக்குப் பின்னால் பதறுவது சபைக்கே கேட்டது.

அப்போது பெரியம்மா எழுந்து வந்தாள். தலையில் முக்காடு போட்டபடி மேடையேறி, கயிற்றைப் பிடித்து மணியை இழுத்தாள். ஒரு தடவை இல்லை, விடாமல் இழுத்தாள். சிரித்துக்கொண்டிருந்த சனங்கள் அடங்கிப்போனார்கள்.

"ராசா, மாடு வரல. நான் வந்திருக்கேன்" என்றாள். "எம் மகளக் கப்பலேத்துறாங்க. அவ பொறந்தது இந்தா இருக்க லயத்துலதான். இந்த மலயத் தவிர அவளுக்கு என்னா தெரியும்? நான் இங்கிட்டு, அவ அங்கிட்டுனு எழுதுனவுங்க எங்க இருக்காங்கனே எனக்குத் தெரியல. நீயாச்சும் ஒரு நாயஞ் சொல்லு சாமி."

இது வசனத்தில் இல்லை. வழக்கம்போல அக்காவின் உதட்டைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல், பசுவுக்கென்று மனப்பாடம் செய்ததை எடுத்து முழங்கினேன்.

"தாயே! உன் கன்றை இழந்த துயரத்தை இந்த மன்னனும் அனுபவிப்பான்!"

பெரியம்மா மணிக்கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் வந்தாள். "அது போதுஞ் சாமி" என்று, சரிந்திருந்த என் கிரீடத்தை நேராக்கிவிட்டு இறங்கிப் போனாள்.

துரை பலமாகக் கைதட்டினார். "இந்தப் பொம்பளை நல்லா நடிக்குது, மாஸ்டர்!"

"ஓம் சேர்" என்றார் வாத்தியார், தலையைக் குனிந்துகொண்டு.

சிறந்த நடிப்புக்கென்று வைத்திருந்த டோர்ச் லைட்டைத் துரை பெரியம்மாவுக்கே கொடுத்தார். அது எனக்கு வர வேண்டியது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். பெரியம்மா அதை அக்காவிடம் கொடுத்து, "கப்பல்ல இருட்டா இருக்கும், வச்சுக்க" என்றாள். நான் இரண்டு பேரோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். பரிசை இழந்த துயரத்தை மன்னன் முழுமையாக அனுபவித்தான்.

வழியனுப்பக் கண்டி ஸ்டேசனுக்குப் போனோம். கப்பல்துறைக்குப் போகும் அந்த ரயிலுக்கு எங்கள் சனங்கள் அழுகைக் கோச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் பொருத்தமாகத்தான் இருந்தது. எல்லாரும் அழுதார்கள். நான் டோர்ச் லைட்டை நினைத்துக்கொண்டு தூணோரம் விறைப்பாக நின்றேன், கழுத்தை நிமிர்த்தி.

கோச்சி நகர்ந்தபோது அக்கா ஜன்னலில் என்னைத் தேடிப் பிடித்தாள். அந்தக் கூச்சலில் குரல் எடுபடாது என்று தெரிந்தோ என்னவோ, ஒத்திகையில் செய்வதுபோல உதட்டை மட்டும் அசைத்தாள். நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை. நான் படிக்க முயலவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாடகந்தான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு வசனம் எடுத்துக்கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.