ஒரு கால் உதிர்ந்த சொத்து

“என்னக்கா, சொத்தெல்லாம் சௌக்கியமா?” வனத்துறை அலுவலக வாசலில் டீக்கடைக்காரர் தினமும் கேட்பார்.

“உன் டீயைக் குடிக்காத வரைக்கும் சௌக்கியம்தான்” என்பாள் சித்தி.

சித்திக்கு அங்கே வாட்ச்மேன் வேலை. அவள் காவலில் இருந்த சொத்து, சூட்கேஸ்களில் பிடிபட்ட நட்சத்திர ஆமைகள். ஒவ்வொன்றையும் காலுறைக்குள் திணித்து, அசையாமலிருக்க டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பை உரித்தவள் சித்திதான். கடத்தியவன் அந்த வாரமே வெளியே வந்துவிட்டான். ஆமைகள் மட்டும் தீர்ப்பு வரும்வரை தகரக் கொட்டகையில்.

“திருடினவனுக்கு ஜாமீன், திருடு போனதுக்கு ஜெயிலு. நல்லா இருக்குடா உங்க சட்டம்” என்றாள், என்னமோ நான்தான் எழுதியதுபோல.

கொட்டகைக் கதவில் பெயின்ட்டில் ‘வழக்குச் சொத்து’ என்றிருந்தது. இந்த வருடம் கோடை தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. பெயின்ட் பொரிந்து துணைக்கால் உதிர்ந்ததில் அது ‘வழக்குச் செத்து’ என்றாகியிருந்தது. உள்ளேயும் அப்படியே ஆகத் தொடங்கியது.

கூரைமேல் ஈரச் சாக்கு விரித்துப் பார்த்தாள், சாக்குதான் காய்ந்தது. ரேஞ்சரிடம் போய் நின்றாள்.

“வேற எங்கயாவது நிழல்ல வச்சிடலாமா சார்?”

“கோர்ட் உத்தரவு இல்லாம சொத்தை நகர்த்தவே கூடாதும்மா.”

“செத்ததைப் புதைக்கவாவது?”

“செத்தாலும் சொத்துதான்.”

விசாரணைக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். கடும் வெயிலில் தன் கட்சிக்காரரால் பயணம் செய்ய முடியவில்லை என்றார் கடத்தியவனின் வக்கீல். வாய்தா கிடைத்தது. டேப் சுற்றிய கைக்கு வெயில் ஆகாதாம்!

சித்தி எழுந்துவிட்டாள். “ஐயா, வீட்டுக்குள்ள இருக்கிறவருக்கே வெயில் தாங்கலைன்னா, தகரத்துக்கடியில கிடக்கிறதுக்கு?”

“யாரும்மா நீங்க?”

“சொத்தைப் பாத்துக்கிறவ.”

யாரோ சிரித்தார்கள். மனு போடச் சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வழக்குக்குப் போனார். ரேஞ்சர் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

 

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தி நேரே கொட்டகைக்குப் போனாள். உயிரோடிருந்தவற்றைக் கூடையில் அள்ளிவந்து ரேஞ்சர் அறையில் விட்டாள். ஏசியைப் போட்டாள். தட்டில் தண்ணீர் வைத்தாள். ஒன்று மட்டும் கழுத்தை நீட்டிக் குடித்தது. மற்றவை குடிக்கும்வரை அவள் எழவில்லை.

பிறகு என் கையில் சாக்பீஸைத் திணித்தாள். “இந்த அறைக் கதவுலயும் எழுதுடா. துணைக்காலை அழுத்திப் போடு.”

ரேஞ்சர் வந்து அலறினார். “என்னம்மா அநியாயம் இது! ஆமை புகுந்த வீடு உருப்படுமா?”

“மனுஷன் கையில சிக்கின ஆமை உருப்பட்டுச்சா சார்?”

“முதல்ல எல்லாத்தையும் எடுத்து வெளியே போடும்மா!”

“எப்படி சார்? கோர்ட் உத்தரவு இல்லாம சொத்தை நகர்த்தவே கூடாதே.”

ரேஞ்சர் கதவைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாக்பீஸைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.