துடைக்கும் பெஞ்சில் தமிழ்வாணி

தமிழ்வாணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் துடைத்த இரும்புத் துண்டுகளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு. கட்டைவிரல் நீளத்தில் ஒரு குழாய்த் துண்டு. அதன்மேல் பசை தடவி, ரப்பரை ஏற்றி, அச்சில் வைத்து வேகவைத்தால் லாரிக்கு அடியில் மாட்டுகிற புஷ் ஆகும். இரும்பில் துளி எண்ணெய்ப்பிசுக்கு இருந்தாலும் ரப்பர் ஒட்டாமல் உரிந்து வந்துவிடும். அதனால் பசைக்கு முன்னால் ஒவ்வொன்றையும் எண்ணெயைக் கரைக்கும் சால்வென்டில் நனைத்த பனியன் வேஸ்டுத் துணியால் துடைக்க வேண்டும். திருமங்கலம் சாலையில் இருக்கும் எங்கள் கம்பெனியில் இந்த வேலைக்குப் பத்துப் பெண்கள். மூன்றாவது பெஞ்சு தமிழ்வாணியுடையது. நான் ஸ்டோர் கீப்பர் மலைச்சாமி. சால்வென்டை அளந்து கொடுப்பவன் நான்தான். ஆகவே நடந்ததில் எனக்கும் பங்குண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மழுப்ப வேண்டியதில்லை.

எழுமலைக்குப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். இவள் பத்தாவது முடித்ததும் வில்லாபுரத்தில் லோடு ஆட்டோ ஓட்டும் பேயாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே மகள் சரண்யாதேவி பன்னிரண்டாவது படிக்கிறாள். தமிழ்வாணி பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட் ஆள். பழங்காநத்தத்தில் பஸ் மாறி வருவாள். சாயங்காலம் திரும்பும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்து எழுந்துபோவார்கள். ஒருத்தி வாய்விட்டே கேட்டாளாம், என்ன வாடை இது என்று. "பெட்ரோல் பங்கு வச்சிருக்கேன்க்கா, வண்டி இருந்தா கொண்டா, ஊத்திவிடுறேன்" என்றாளாம் இவள். வாய் அப்படி. அந்த வாய்க்காகவே அவள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தால் எனக்குப் பொழுது போகும்.

கை அதைவிடக் கெட்டி. துடைத்த துண்டை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், எங்கே பிசுக்கு நிற்கிறது, எங்கே பிசிறு இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். குவாலிட்டிக்காரர்கள் வெளிச்சத்தில் காட்டிக் காட்டிப் பார்ப்பதை இவள் மேலே பார்த்துக்கொண்டே செய்வாள். அவள் பெஞ்சிலிருந்து ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆனதில்லை என்று மேனேஜர் மீட்டிங்கில் கைதட்டச் சொன்னார். அன்றைக்கு நானும் தட்டினேன்.

நீலக் கையுறை உண்டு. மாதம் முதல் தேதி பத்துப் பேருக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன். எல்லோரும் வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். அதைப் போட்டால் துண்டு வழுக்கும், விரலுக்குப் பிசுக்குத் தெரியாது, எண்ணிக்கை குறையும். ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் பத்துப் பேர் கையும் நீலமாக இருக்கும். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய கருப்புக்கு சோப்பு போதாது என்று, மிச்சமிருக்கும் சால்வென்டிலேயே முழங்கை வரை கழுவிவிட்டுப் போவார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். வீணாக்காதீங்கம்மா என்று கத்துவேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் புத்தி.

இரண்டு வருடத்துக்கு முன் சால்வென்டை மாற்றினார்கள். பழையது காய நேரமெடுத்தது. புதியது துடைத்த கையோடு காய்ந்துவிடும். உற்பத்தி கூடியது. டிரம்மில் நெஞ்சுக்குள் வெடிப்பு விழுந்த மாதிரி ஒரு மனிதப் படம் போட்டிருந்தது. ஸ்டாக் நம்பர் ஒட்ட வழுவழுப்பான இடம் அது ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் ஒட்டினேன். எல்லா டிரம்மிலும் ஒட்டினேன். அது உடம்புக்குள் போய்க் கெடுக்கும் என்கிற எச்சரிக்கைப் படம் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் செருப்பு போனது. ஒருநாள் காலை கேட்டுக்குள் அவள் ஒற்றைச் செருப்போடு வந்தாள். "என்னம்மா, இன்னொண்ணை அடமானம் வச்சுட்டியா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான் தெரிந்தது அவளுக்கு. பஸ் ஸ்டாப்பிலிருந்து அவ்வளவு தூரம், ஜல்லி கிடக்கிற ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு டீ கிளாஸ் நழுவியது. சேலைக்கு ஊக்குக் குத்த ராமக்காளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ராமக்காள் நாலாவது பெஞ்சு, அவளைவிட மூத்தவள், மெடிக்கலில் போன வருடமே தேறிப் பெர்மனென்ட் ஆனவள். "மதமதன்னு இருக்குக்கா, கை என்னுதில்லாத மாதிரி இருக்கு" என்று தமிழ்வாணி சொன்னபோது, "எல்லாருக்கும் அப்படித்தான்டி, போகப்போகப் பழகிரும்" என்றாள் அவள். பொய்யில்லை, பழகிவிட்டது. விரலால் பிசுக்கைப் பார்த்தவள் கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். துண்டை ஜன்னல் பக்கம் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். எண்ணிக்கை குறையாமலிருக்கச் சாப்பாட்டு நேரத்தில் பாதியைத் துடைத்தே கழித்தாள். வலிக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். வலித்தால் பரவாயில்லையே அண்ணே என்றாள். கோபமுமில்லை, அழுகையுமில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போயேன் என்றால் போகமாட்டாள். காரணம் இருந்தது. அந்த வருடம் துடைக்கும் பெஞ்சில் மூன்று பேரைப் பெர்மனென்ட் ஆக்குவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. ஒரே நிபந்தனை, வருடாந்திர மெடிக்கலில் 'தகுதி' என்று வர வேண்டும். வராவிட்டால் சால்வென்ட் பக்கம் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். காண்ட்ராக்ட் ஆளுக்கு வேறு பக்கம் என்று ஒன்று கிடையாது, வீட்டுப் பக்கம்தான். பதினோரு வருடக் காத்திருப்பு ஒரு சொல்லில் நின்றது.

மெடிக்கலில் என்ன நடக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தலைகீழ்ப் பாடம். வழக்கமாக வருகிற வயசாளி டாக்டர் கண்ணை மூடச் சொல்வார். விரல் நுனியில் பஞ்சால் தொடுவார், தெரிந்தால் தெரியுது என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரலில் முடிப்பார். ஒரு தொடுதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மனசுக்குள் மூன்று எண்ணலாம். ராமக்காள் தேறியதே அப்படி எண்ணித்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையில், ஸ்டோருக்குப் பின்னால், அவள் தமிழ்வாணியைக் கண்ணை மூட வைத்துப் பழக்கினாள்.

"எண்ணுடி. ஒண்ணு, ரெண்டு, மூணு, சொல்லு."

"தெரியுது."

"இம்புட்டு வேகமாச் சொல்லாத. நெசமாத் தெரியுற மாதிரி இழுத்துச் சொல்லு."

"தெரியுதூ."

"சிரிக்காம சொல்லு, சனியனே."

வீட்டில் மகளும் பழக்கினாளாம். பரீட்சைக்குப் படிக்கிறவள் தன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அம்மாவின் விரலைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பேயாண்டிக்கு மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்டால் வேலைக்கே போகாதே என்பான் என்று பயம்.

மெடிக்கல் அன்று பெயர் கூப்பிடவும் ரிஜிஸ்டர் எழுதவும் என்னை உட்காரவைத்தார்கள். வயசாளி டாக்டர் வரவில்லை. முப்பது வயசுகூட ஆகாத ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். ஆனால் அவரும் பஞ்சைத்தான் எடுத்தார், கட்டைவிரலில்தான் தொடங்கினார். முதல் இரண்டு பேர் தேறினார்கள். மூன்றாவதாகத் தமிழ்வாணி. புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடினாள், யாரும் சொல்லாமலேயே.

வலது கை. தெரியுது. தெரியுது. தெரியுது. தெரியுது. தெரியுது. ஒரு பிசகில்லை. நான் 'தகுதி' என்று எழுத 'த' போட்டுவிட்டேன்.

இடது கையைத் திருப்பிய டாக்டர் நிறுத்தினார். ஆள்காட்டி விரலின் உட்பக்கம் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்து கிடந்தது.

"இது எப்பம்மா சுட்டுச்சு?"

"எது டாக்டர்?" என்றாள் தமிழ்வாணி, கண்ணைத் திறக்காமல். பிறகு சுதாரித்து, "காலையில சோறு வடிக்கையில பட்டிருக்கும். சின்னதுதான்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவர் பஞ்சை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகட்டிச் சும்மா உட்கார்ந்தார்.

"தெரியுது" என்றாள் தமிழ்வாணி.

டாக்டர் அசையவில்லை.

"தெரியுது."

எனக்கு இருமி அவளை நிறுத்த வேண்டும்போல் இருந்தது. தொண்டை வரை வந்தது. இருமினால் பெர்மனென்ட், இருமாவிட்டால் வீடு. ஆனால் இருமி அவளை அதே பெஞ்சுக்கு அனுப்பினால் அடுத்து எது மரத்துப்போகும்? இருமவில்லை. சரியா தப்பா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

"தெரியுது. தெரியுது. தெரியுது."

ஐந்து விரலும் ஆயிற்று. இப்போது டாக்டர் தன் பேனாவை மூடி, அதன் முனையை அந்தப் புண்ணின்மேலேயே வைத்தார். மெல்ல வைத்தார், பிறகு அழுத்தினார். சுற்றிலும் தோல் வெளுக்கும்வரை அழுத்தினார். எனக்குப் பல் கூசியது. தமிழ்வாணி முகத்தில் ஒன்றுமில்லை. எண்ணிக்கைதான் முடிந்துவிட்டதே. கண்ணை மூடியபடி, கையை நீட்டியபடி, பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எழுதிக்கங்க சார்" என்றார் டாக்டர்.

போட்டிருந்த 'த'வை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'உணர்ச்சி இல்லை' என்று எழுதினேன்.

"முடிஞ்சுதா டாக்டர்?" என்றாள் தமிழ்வாணி. "கண்ணத் தொறக்கலாமா? எல்லாம் சரியாச் சொல்லிட்டேன்ல?"

பேனா முனை அப்போதும் அவள் விரல்மேல்தான் இருந்தது.