பாயாவுக்குள் ஒரு கால்

இங்கே பால் பாக்கெட்டின் மேல் ‘சூசூ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மலாயில் பால் என்றால் அதுதான். மதுரையிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் ஈப்போவுக்கு வந்த புதிதில் அதில் காபி போட எனக்குக் கை வரவே இல்லை. நம் ஊர்க் குழந்தைகள் எதைச் சூசூ என்று சொல்லும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சூசூவுக்குக்கூடப் பழகிவிட்டேன், ஊர் ஞாபகத்துக்குத்தான் பழகவில்லை. போன மாதம், “நான் ஊருக்கே போயிடுறேன், வேணும்னா நீங்களும் வாங்க” என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். என் மனதை மாற்ற அவர் செய்த ஏற்பாடுதான் இந்தக் கார்ப் பயணம். பகலில் லூமுட் பக்கம் காட்டு மலை, மாலையில் கடற்கரையில் கூடாரம். அதற்குப் பிறகும் போக வேண்டுமென்றால் அவரே டிக்கெட் எடுத்துத் தருவாராம்.

காரை ஓட்டியது கணவரின் அக்கா செல்வி அண்ணி. தெலுக் இந்தான் எஸ்டேட்டில் வளர்ந்தவர், காடு அவருக்குக் கொல்லைப்புறம் மாதிரி. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்போது, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு திரும்பிச் சொன்னார்: “மலையேறி அந்தப் பக்கம் எறங்குனா பெரிய பாயா இருக்கு. பாத்து லா. போன தடவ தம்பி முட்டி வரைக்கும் போயிட்டான்.”

பாயா! ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தூக்குச்சட்டியோடு போய் வாங்கி வரும் ஆட்டுக்கால் பாயா. இடியாப்பத்தின் மேல் அதை ஊற்றிவிட்டால், எலும்பு உறிஞ்சும் சத்தத்தில் வீட்டில் யார் பேசுவதும் கேட்காது. நம் ஊரில் கழுத்து வரைக்கும் சாப்பிட்டேன் என்போம். இவர்கள் முட்டி வரைக்கும்தான் போலிருக்கிறது, அளவான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“இடியாப்பம் கெடைக்குமா அண்ணி?”

“லூமுட்ல வாங்கிக்கலாம் லா.”

மதுரையில் நான் ஏறிய மலை எங்கள் வீட்டு மொட்டை மாடிதான். இங்கே வேர் வழுக்கியது, பிரம்பு முள் துப்பட்டாவை இழுத்தது, அட்டை என் கணுக்காலில் பசியாறியது. நான் இடியாப்பப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தேன். “ஒனக்குக் காடு இவ்ளோ புடிக்கும்னு தெரியாமப் போச்சே!” என்று கணவர் பூரித்துப்போனார்.

இறக்கத்தில் அண்ணி கை காட்டினார். “அதோ, பாயா.” அலையாத்தி மரங்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ மினுங்கியது. கடை உள்ளே தள்ளி இருக்கும் என்று எட்டி வைத்தேன். சளக்! சதுப்பு நிலத்துக்கு மலாயில் பாயா என்று பெயராம். பாயாவில் கால் கிடந்தது. என் கால்.

“எங்க லா போறே?” என்று அண்ணி கத்தினார்.

“கடைக்கு!”

விஷயத்தைச் சொன்னதும் அண்ணி ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. “அப்ப நீ காட்டுக்காக நடக்கலையா?” என்றபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கோபம், பசி, அழுகை எல்லாம் ஒன்றாக வந்தன. அவர் என்னை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே தங்கிவிட்ட என் ஷூவைத் தேடி இறங்கி, மறுபடியும் முட்டி வரைக்கும் போனார். ஷூ கிடைக்கவில்லை. இடியாப்பத்தை, இங்கே கொடுக்கிற வழக்கப்படி தேங்காய்ப்பூவும் சர்க்கரையுமாக, சேற்றுக் கையோடு மூவரும் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் கூடாரத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது அம்மா வீடியோவில் வந்தாள்.

“என்னடி இது கோலம்?”

“பாயாவுக்குள்ள விழுந்துட்டேம்மா.”

“அய்யய்யோ! கொதிச்சுக்கிட்டு இருந்துச்சா? எவ்வளவு பெரிய அண்டாடி?”

அண்ணி மணலில் புரண்டு சிரித்தார். அம்மாவுக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்லச் சொல்ல எனக்கும் சிரிப்பு வந்தது.

“சரி, எப்பத்தான் வர்ற?”

விறகை ஊதிக்கொண்டிருந்த கணவர் ஊதுவதை நிறுத்தினார்.

“பொங்கலுக்கு வந்துட்டுப் போறேம்மா.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மாவிடம் இதுவரை ‘வர்றேன்’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

“வந்துட்டு... போறியா?” என்றாள் அம்மா. பிறகு, “சரி, வா” என்றாள்.

எனக்குப் பின்னால் அடுப்பு பற்றிக்கொண்டது. “வா, சாப்பிடலாம்” என்று கணவர் கூப்பிட்டார்.

“இதோ வர்றேன்” என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.