அடுப்பில் வெடித்த பழங்கல்

எந்தக் கரையில் இறங்கினாலும் அந்தமானின் பாம்பூஃப்ளாட் ஊர்க்காரர் ஜம்புலிங்கம் முதலில் தேடுவது அடுப்புக்கு மூன்று கற்களைத்தான். அறுபதுகளில் சர்வே படகுகளில் சமையல்காரராகப் போய்வந்த மனிதர். உலை ஏறிவிட்டால் அவருக்கு வேறு கவலை கிடையாது. பாரன் தீவில் அந்தப் பழக்கமே அவரை மாட்டிவிட்டது.

எரிமலை அன்று உறக்கத்தில் இருந்தது. உச்சியில் புகை மட்டும். கரையில் இரண்டு கல் கிடைத்தது. மூன்றாவதாக, தனியே கிடந்த தட்டையான கல் ஒன்றை எடுத்து அடுப்பு மூட்டினார். குழம்பு கொதித்து முடியும் நேரம், அந்தக் கல் படாரென்று இரண்டாகப் பிளந்தது.

“அடப்பாவி! அது சாப் ஆராய எடுத்து வெச்ச கல்லுய்யா!” என்றான் படகோட்டி உதயசூரியன்.

ஜம்புலிங்கத்தின் வேலை நிரந்தரமாவதற்கு அந்த சாப், கல் ஆராய வந்த கிருஷ்ணமூர்த்தி, ஒரு வார்த்தை எழுத வேண்டும். பிளந்த துண்டுகளை அலையில் வீசினார். வேறொரு கறுப்புக் கல்லை அந்த இடத்தில் வைத்தார். உதயசூரியன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கிருஷ்ணமூர்த்தி சார் மலையிலிருந்து இறங்கியபோது அலை ஏறத் தொடங்கிவிட்டது. அவசர அவசரமாகக் கற்களைச் சாக்கில் கட்டினார்.

“ஒரே மலைக்கு எதுக்கு சாப் இத்தனை கல்லு?” ஜம்புலிங்கத்தின் வாய் சும்மா இருக்கிறதா பாருங்கள்.

“உங்க குழம்பை அசையாம வெச்சா கனமானது அடியில தங்கி மேல தெளியுதில்ல? பூமிக்குள்ள உருகிக் கிடக்கிற கல்லுக் குழம்பும் அப்படித்தான். சூடு குறையக் குறைய கனமானதெல்லாம் மணி மணியா உறைஞ்சு அடியில படிஞ்சிடும், மிச்சக் குழம்போட சேர்மானமே மாறிடும். கீழேருந்து புதுசும் வந்து கலக்கும். அதனால மலை ஒவ்வொரு தடவை வழியும்போதும் வேற வேற கல்லு.” சாக்கில் மேலாகக் கிடந்த கறுப்புக் கல்லைத் தடவினார். “இது மலையோட பழைய வெளிச்சுவர்ல உடைச்சது, எல்லாத்துக்கும் மூத்தது. மலை எதிலேருந்து மாறிச்சுன்னு இதை வெச்சுத்தான் சொல்லப்போறேன்.”

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஜம்புலிங்கத்தால் தாங்க முடியவில்லை.

“ஜல்தி! இனிமே படகு நிக்காது!” உதயசூரியன் கத்தினான்.

“அது நான் மாத்தி வெச்ச கல்லு சாப். உங்க கல்லை அடுப்புல வெச்சு உடைச்சுட்டேன்.”

பதிலுக்குக் காத்திராமல் தண்ணீரில் பாய்ந்தார். அலை அவரைத் தூக்கிப் பாறையில் அடித்தது. முழங்கால் கிழிந்தது. கையில் அகப்பட்டதெல்லாம் வேறு கல். மூச்சு முட்டியது. செல்லத்தின் முகம் ஒரு கணம் வந்துபோனது, பாவம், பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் மனைவி காத்திருப்பாள். இன்னொரு முறை மூழ்கினார். ஒரு பக்கம் கரி பிடித்த பாதிக் கல்லோடு எழுந்தார்.

கிருஷ்ணமூர்த்தி அதைச் சுத்தியலால் தட்டினார். வெளியே கரி, உள்ளே மணி மணியாய்ச் சுத்தமாக இருந்தது. சாக்கில் போட்டுக்கொண்டார்.

படகு புறப்பட்டது. வேலை போனதைச் செல்லத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே ஜம்புலிங்கம் சோறு பரிமாறினார்.

கிருஷ்ணமூர்த்தி சோற்றில் குழி பறித்துத் தட்டை நீட்டினார்.

“நல்லா அடியிலேருந்து ஊத்துங்க, ஜம்புலிங்கம்.”