மகன் எடுக்காத எஞ்சின் படம்

என் இளைய மகன் பஹ்ரைனில் போர்முலா வன் கார் ஓட்டத் திடலில் வேலை செய்கிறான். கார் ஓட்டுவதில்லை. கார்களை நிறுத்தி வைக்கும் கராஜில் நிலம் துடைப்பது, எண்ணெய் சிந்தினால் துடைத்தெடுப்பது, கழித்த சாமான்களை வண்டியில் ஏற்றுவது அவன் வேலை. அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

என் தம்பியின் மனைவி, எனக்கு மச்சாள், தன் மூத்த பெண்ணை அவனுக்கென்றே வைத்திருந்தார். எங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். இந்த வருடம் பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, பஹ்ரைனிலிருந்து லீவில் வந்த யாரோ ஒருவர், என் மகன் பெற்றோல் செட்டில் கார் கழுவுகிறான் என்று மச்சாளின் காதில் போட்டுவிட்டார். அன்று பின்னேரமே மச்சாள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வீடும் பெண்ணும் கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார். கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

“என்னகா மச்சாள், உங்கட மகன் உண்மையா அந்தத் திடலிலதான் நிக்கிறாரா?”

“அவன் திடல் கேற்றில நிண்டு எடுத்த படம் காட்டினன்தானே.”

“கேற்றில ஆரும் நிக்கலாம். நானும் பாராளுமன்றக் கேற்றில நிண்டு படம் எடுத்தனான். நான் என்ன மந்திரியா?”

மகனுக்கு போன் எடுத்து, இருவருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ரேஸ்கள் தொடங்க முதல், எல்லாக் கம்பனிகளும் புதுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாட்கள் அவை. அவன் தேத்தண்ணி குடிக்க வெளியே வந்து நின்றான்.

“இந்த வருசம் எஞ்சின் எல்லாம் புதுசு மாமி. பாதிப் பலம் பெற்றோலில, பாதி கரண்டில. மூடியத் திறந்தா நாலு பேர் சுத்தி நிண்டு மறைப்புப் பிடிப்பாங்க.”

“மறைப்புப் பிடிக்க அதென்ன சாமத்தியப்பட்ட பொண்ணா?”

“எங்கட போன் கமராவில ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ள விடுவாங்க மாமி.”

“சரி, நீங்க நிக்கிற கராஜ் கார் ஓட்டத்தில எத்தினையாவது?”

“நேத்து கடைசிக்கு முந்தினது. பெற்றோல நிறைய ஊத்திப் பாரமாக்கி, எஞ்சின முழுசா முறுக்காம ஓடுறாங்களாம். பலத்த இப்ப காட்ட மாட்டாங்களாம்.”

“கடைசில வாறவன் எல்லாரும் இதத்தான் சொல்லுவான்.”

மகன் சிரித்துவிட்டான். “அதுவும் சரிதான். பெற்றோலக் குறைச்சு ஊத்தி, பாரமில்லாம ஓடிப் பேர் எடுக்கிறவனும் இருக்கான். முதல் ரேஸ் ஓடினாத்தான் உண்மை தெரியும்.”

“எனக்கு ரேஸ் வேணாம். அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு ஒரு படம் அனுப்புங்க.”

“நாளைக்கு எஞ்சின் கழட்டுவாங்க. ஸ்டிக்கர உரிச்சுப்போட்டு ஒண்டு எடுக்கிறன்” என்றான்.

அவனோடு வேலைக்கு நின்ற ஒருவன் போன வருடம் இப்படிப் படம் எடுத்து அன்றைக்கே வேலை இழந்ததை அவனேதான் எனக்குச் சொல்லியிருந்தான். “படம் ஒண்டும் வேணாம்” என்று சொல்லி போனை வைத்தேன்.

“ஏன், எஞ்சின் இல்லாதபடியாலயா?” என்றார் மச்சாள்.

“நேத்து உங்கட வட்டையில நெல்லு வெட்டினாங்களே. எத்தினை மூடை?”

“என்னத்தக் கண்டது. காயட்டும், பாப்பம்.”

“பாத்தீங்களா, எனக்கே சொல்ல மாட்டீங்க.”

எங்கள் அப்பாமார் மாடு கட்டிக் கதிர்ச்சூடு மிதித்த காலத்தில், அந்தக் களமான களவெட்டியில் நின்று நெல்லை நெல் என்றே சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். எவ்வளவு என்று யாரும் கேட்கவும் கூடாது, கண்ணூறு பட்டுவிடும். இப்போது மெசின் வெட்டினாலும் அந்த வாய்க்கட்டு போகவில்லை.

“அவங்களும் அப்பிடித்தான் மச்சாள். வீடு வந்து சேராத பொலிய ஆருக்கும் காட்ட மாட்டாங்க.”

“நெல்லும் எஞ்சினும் ஒண்டாகா?” மச்சாள் நான் கொடுத்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில், வேலைக்குப் போக முதல் மகன் பேசினான். “படம் இல்லாட்டி மாமி பொண்ணத் தர மாட்டா அம்மா.”

“தராட்டி வெச்சிருக்கட்டும். வேலையும் இல்லாம பொண்ணும் இல்லாம வந்து நிக்கப் போறியா மனே? எடுத்தாலும் என்ர போனுக்கு அனுப்பாத.”

சொல்லிவிட்டேன். ஆனால் மச்சாளின் அந்தப் பெண் என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. அன்று முழுவதும் போன் சத்தம் போடும்போதெல்லாம் எடுத்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். காசு போடச் சொல்லி போன் கம்பனிதான் அனுப்பிக்கொண்டிருந்தது. மாலையில் மகன் பேசினான். எடுக்கவில்லை என்றான்.

நானே மச்சாள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் காயவிட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

“மகன் படம் எடுக்கல்ல. வேலை போயிரும் எண்டு பயந்திட்டான். உங்கட முடிவ நீங்க எடுங்க.”

என் பக்கம் கிறுகிப் பார்த்தார். “பயந்திட்டாரா?”

“ஓம். ஸ்டிக்கரில நகத்த வெச்சிட்டு, உரிக்காம விட்டிட்டானாம்.”

மச்சாள் அந்தக் கரை வரைக்கும் கிளறிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

“இல்லாத வேலை போயிரும் எண்டு ஆர்கா பயப்படுவா?” என்றார். பிறகு நெல்லைப் பார்த்துக்கொண்டே, “மருமகனுக்கு எப்ப லீவு குடுப்பாங்க எண்டு கேளுங்க. நாள் பாக்க வேணும்” என்றார்.

“கேட்டுச் சொல்றன்.”

போன் கையில்தான் இருந்தது. அங்கேயே எடுத்துக் கேட்டிருக்கலாம். மச்சாளும் இரண்டு நாள் காத்திருக்கட்டும் என்று, அவசரப்படாமல் நடந்து வீட்டுக்கு வந்தேன்.