இவ்வளவு பழம் ஆருக்கு?

“சேர்... வீட்டில ஆருக்கு வருத்தம்?”

கல்முனைச் சந்தையில் பழக்கடைக்காரர் கேட்டார். என் ஒரு கையில் கதலிச் சீப்பு, மறு கையில் பப்பாசி, தோளில் வத்தகப்பழம். எங்கள் ஊரில் ஒரு மனிதன் இவ்வளவு பழம் வாங்கினால் ஒரே அர்த்தம்தான் — யாரோ வருத்தம் வந்து ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கிறார்கள்.

“பொஞ்சாதிக்குத்தான். அவ இப்ப சோறு தின்றதில்ல” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அது ஊருக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள்!

அவளுக்குக் கொலஸ்ட்ரோல் கூடுதல் என்றார் டொக்டர். மாத்திரையும் தந்தார். மாத்திரை மட்டும் போதுமா? என் மனைவி பரீதா யூடியூப்பைத் திறந்தாள். அடுப்பில் ஏற்றாத, எண்ணெய் படாத, தேங்காய்ப்பால் சேராத சாப்பாடு. தேங்காய்ப்பால் இல்லாமல் எங்கள் சாய்ந்தமருதில் ஒரு வீடா?

“இதில இனிப்புப் பழந்தான் சோறு. கீரையும் வெள்ளரிக்காயும் கறி. கறிய மட்டும் திண்டா பசி அடங்குமா? பழத்த வயிறு முட்டத் திங்கணும்” என்று விளக்கினாள்.

நமக்கோ பழம் என்பது சாப்பிட்ட பிறகு தின்னும் பொருள். காலையில் வத்தகப்பழம், பகலில் மாம்பழம், இரவில் வாழைப்பழம் என்று அவள் தட்டை நிறைப்பதை நான் பார்சல் சோற்றோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரி... ஒரு நாளும் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருத்தம் பார்க்க! எல்லார் கையிலும் பழப்பை. இது டயட் என்று சொல்லிப் பார்த்தேன். “ஓம் ஓம், டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க” என்று ஒருவர் என் தோளைத் தட்டிக் கண் கலங்கினார்.

கடைசியாக வந்தவர்தான் ராத்தா. பரீதாவின் ஒரே அக்கா.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தின்போது பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். அதனால் அக்காவும் தங்கையும் ஒரே வளவில், நடுவில் ஒரு மதிலோடு இருக்கிறார்கள். ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது பக்கத்து வீட்டுக்கு வந்து வாயால் சொல்லாமல் வட்ஸ்அப்பில் கார்ட் அனுப்பிவிட்டார். பரீதா கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. பெருநாளுக்குக்கூட ஸலாம் இல்லை. மதிலுக்கு அப்பால் ராத்தா இருமினால் இங்கே இவள் தூங்கமாட்டாள். ஆனால் போய்க் கேட்கவும் மாட்டாள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ராத்தா கையில் பழம் இல்லை. மூடிய சட்டியில் கஞ்சி. உள்ளே வந்ததும் அழுகை.

“மௌத்தாகி அடக்கின பொறகா எனக்குச் சொல்ல இருந்த?”

ராத்தா கஞ்சியைக் கோப்பையில் ஊற்றினார். தேங்காயின் தலைப்பால்! வெள்ளையாக மினுங்குகிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ராத்தா எழுந்து போய்விடுவார். பிறகு வரவே மாட்டார்.

பரீதா கோப்பையை வாங்கி மடமடவென்று குடித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“உனக்கு என்ன வருத்தம் புள்ள?”

“வருத்தம் ஒண்டும் இல்ல ராத்தா. நாந்தான் சோத்த உட்டுட்டுப் பழம் திங்கிறன்.”

ராத்தா கண்ணீரைத் துடைத்தார். வீடு முழுக்கக் குவிந்திருந்த பழப் பைகளைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“உனக்குக் கொழுப்புக் கூடிப் போச்சுடி!”

“ஓம் ராத்தா... டொக்டரும் அதத்தான் சொன்னாரு.”

முதலில் சிரித்தது ராத்தாதான்.

அடுத்த மாதம் பரீதாவுக்கு இரத்தம் சோதிக்க வேண்டும். ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம் — எனக்குத் தெரிந்து கொழுப்பு இரண்டு வீட்டிலும் குறைந்துவிட்டது!