பச்சை அம்மனும் நாப்பியும்

புல் வெட்டிய வாசனை. மழை விட்ட மறுநாள் பள்ளி மைதானத்தில் கிளம்புமே, அதே வாசனை... பர்மாவில், தாகேதாவில் இருக்கும் என் வீட்டு மிக்ஸியிலிருந்து வந்தது.

"என்ன செல்வி, மாட்டுத் தீனியா?"

"டிரெஸ்ஸிங் அண்ணே. சாலட் மேலே ஊத்துறது."

செல்வி என் சித்தப்பா மகள். லைங் தாயா பேட்டையின் சட்டை ஃபேக்டரியில் காலர் தைத்துத் தைத்துத் தன் கழுத்து வளைந்துபோனவள். புதிதாகத் திறந்த கஃபேயில் சமையல் வேலைக்குக் கேட்டிருந்தாள். மறுநாள் இந்தப் பச்சைக் குழம்பைச் செய்து எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். தேறினால் வேலை. தேறாவிட்டால்... மறுபடி ஃபேக்டரி பஸ்.

குழம்புக்கு வரலாறு வேறு! நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்க ஹோட்டல் ஒன்றில் தங்கிய நாடக நடிகரைக் குளிர்விக்க, அங்கிருந்த சமையல்காரர் செய்தாராம். அவர் நடித்த நாடகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். தமிழில் சொன்னால், பச்சை அம்மன். நாம் நடிகருக்கு மாலை போடுகிறோம். அவர்கள் தழையை அரைத்திருக்கிறார்கள். மயோனைஸ், பார்ஸ்லி, டாரகன், வெங்காயத்தாள் — கூடவே உப்பிட்ட நெத்திலி. இலைமேல் ஊற்றலாம், இறாலைத் தோய்க்கலாம், ரொட்டியில் தடவலாம். சகலகலா அம்மன்!

சிக்கல் அங்கேதான். செல்வி தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தாள். அம்மனுக்கு விரதம் இருப்பவள், அம்மன் பெயர் கொண்ட பண்டத்தை நாக்கில் வைக்க முடியாது. மீன் ஆயிற்றே!

"நீங்கதான் ருசி பாக்கணும் அண்ணே."

பார்த்தேன். நெத்திலி கிடைக்கவில்லை, மீனைப் புளிக்கவைத்த நம் நாப்பியைப் போட்டேன். மந்தமாக இருந்தது — எலுமிச்சை. இன்னும் மந்தம் — பச்சை மிளகாய். அப்புறம் பொரித்த பூண்டு, வறுத்த கடலை மாவு... "இப்பதான் சரி" என்றேன், கவிதை எழுதுகிறவனுக்கே உரிய நிச்சயத்தோடு.

கஃபே முதலாளி கோ மின், சிங்கப்பூரில் சமையல் படித்தவர். மறுநாள் அவர் முன்னால் டப்பாவை நானே முந்திக்கொண்டு நீட்டினேன். ஒரு இலையைத் தோய்த்து வாயில் வைத்தார். மெல்வதை நிறுத்தினார்.

"மா செல்வி, இது தெருமுனை அத்தோ நூடுல்ஸ் ருசி. நீ ருசி பாத்தியா?"

"இல்லை கோ மின். விரதம்."

"அப்போ யார் பாத்தது?"

நான் வெளியே போன பஸ்ஸை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வி பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தாள். "அண்ணன் கை வைக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்து வெச்சேன். மீன் இல்லை. மணத்தை வெச்சே அளவு பிடிச்சேன்."

துரோகி!

கோ மின் தோய்த்தார். இன்னொரு இலை எடுத்தார். செல்வியின் கை, காப்புக் கயிற்றை இறுகப் பிடித்திருந்தது.

கோ மின் எழுந்து வந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

"தீ மிதிச்சதும் வேலைக்கு வந்துடு. கால் ஆறட்டும், அவசரமில்லை. அண்ணனை மட்டும் வீட்டிலேயே விட்டுட்டு வா."